ஆற்றை ஓரத்தில் வரைந்தேன்

கூடலூர் பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்திருந்தவர் ஆட்டோ ஓட்டும் ராமலிங்கம் அண்ணன் மட்டும். வந்திருக்க வேண்டிய விஜயன் வரவில்லை. நான் வேலை பார்க்கும் சிறிய அமைப்பில் பணியர் பழங்குடியினரின் பேச்சு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு மஞ்சள்காமாலை. "நீ முன்னால போயிரு, ரெண்டு நாள்ல வந்துடுறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தான். கடைசிவரை வரவில்லை.

"மேப்பு போடுற ஆளு நீங்கதானா?" என்றார் ராமலிங்கம் அண்ணன். "ரெண்டு பேருன்னு சொன்னாங்களே."

"ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல அண்ணே."

"அதுவும் நல்லதுதான். மேடு ஏறணும், வண்டிக்குப் பாரம் குறைவு."

நான் போக வேண்டிய ஊர் புழமூலா. பந்தலூர்ப் பக்கம், மலை கேரளாவை நோக்கிச் சரியும் இடத்தில், ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். கடைத்தெருவுக்குச் சற்று மேலே, அதே ஆற்றங்கரையில், பணியர்களின் குடியிருப்பு. வன உரிமைச் சட்டத்தின்படி தங்கள் பகுதிக்கு உரிமை கேட்டு அவர்கள் மனுப் போடுகிறார்கள். மனுவோடு ஒரு வரைபடமும் ஒரு பக்க ஊர் வரலாறும் வேண்டும். இரண்டையும் தயாரித்து, கிராம சபையில் வாசித்து, கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி, அடுத்த புதன்கிழமைக்குள் கூடலூர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சபையில் பாதிப் பேருக்கு மேல் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இதுதான் என் வேலை. நிலவியல் வேறு, புவியியல் வேறு என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் படித்தது புவியியல். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிற குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

பாதி வழியில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டில் ஆனை. ராமலிங்கம் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.

"தேத்தண்ணி குடிப்பமா தம்பி? அது நகர்ற நேரத்துக்கு நகரும். அதுக்கென்ன பயோமெட்ரிக்கா வச்சிருக்கான்."

அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பியவர்கள். இவர் பிறந்தது இங்கேதான். தேத்தண்ணி என்கிற சொல் மட்டும் கப்பலிலிருந்து இறங்கி இவர் வாயில் தங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஆனை போனது. பிறகு ஒரு ஏற்றத்தில் ஆட்டோ நின்றது. "இறங்கித் தள்ளுங்க தம்பி, படிச்சவங்க தள்ளினா சட்டுனு ஸ்டார்ட் ஆகும்" என்றார். தள்ளினேன். ஆகவில்லை. பின்னால் வந்த ஜீப்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து தோள் கொடுத்தார். என் காலில் மூன்று அட்டைகள் ஒட்டியிருந்ததை ஊர் வந்த பிறகுதான் பார்த்தேன்.

எனக்கு அறை பேக்கரியின் மாடியில். ஒரு ஜன்னல். அதன் வழியே ஆறு. மழைக்காலம் என்பதால் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. அதன் இரைச்சல் நிற்கவே இல்லை. முதல் நாள் சாப்பாட்டுக்கு எதிர்க்கடைக்குப் போனேன். புட்டு, கடலைக்கறி. மேசைமேல் ஒரு கிண்ணத்தில் உப்பு, நீர்விட்டுக் கட்டியாகிக் கிடந்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான்.

செல்போனில் சிக்னல் கிடைப்பது பாலத்தின் நடுவில் மட்டும். மாலை ஆறு மணிக்கு அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு திசை பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் நின்றேன்.

"ஏல, சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

"சாப்ட்டேம்மா. இங்க ஒரே மழை."

"அய்யய்யோ. அப்ப வேலை கெடையாதா?"

எங்கள் ஊரில் மழை வந்தால் உப்புக் கரையும், வேலை போகும். மழையிலும் வேலை நடக்கிற ஊர் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. "இங்க நல்ல வெயிலு. வெளைச்சல் நல்லாருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஊர் வரலாற்றுக்காகக் கடைத்தெருவைச் சுற்றினேன். தெரு என்றால் ஒன்றே ஒன்றுதான். பாலத்திலிருந்து தொடங்கும். பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், தேவாலயம், கோழிக்கடை, ரேஷன் கடை, அதற்குப் பிறகு தேயிலை. எங்கள் ஊரில் ஆறுகள் கிழக்கே கடலுக்குப் போகும். இங்கே தண்ணீர் முழுதும் மேற்கே சரிந்து கேரளாவுக்குள் இறங்குகிறது. பேச்சும் அப்படித்தான் சரிகிறது. தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடியும்.

நான் சாப்பிடும் எதிர்க்கடையின் முதலாளியை எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்பார்கள்; அவரிடம் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டேன். "என்ட வாப்பா வரும்போ இவிட ஒண்ணுமில்ல, வெறும் காடு. வாப்பாதான் முதல் சாயாக்கடை போட்டது" என்றார். ராமலிங்கம் அண்ணனிடம் கேட்டேன். "எங்கப்பா வந்து லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, குடியேறுறப்ப வெறும் காடு தம்பி. நாங்கதான் தேயிலை நட்டு ஊராக்கினோம்." வயல் வைத்திருக்கும் செட்டியார் ஒருவர், இரண்டு பேருக்கும் முன்பே தம் முன்னோர் வந்து சதுப்பைத் திருத்தி நெல் போட்டதாகச் சொன்னார். அப்போதும் வெறும் காடுதான். வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடி வந்து மலையைக் குடைந்துவிட்டுப் போன கதையும் கிடைத்தது. அதிலும் காடு.

எல்லோருடைய ஊரும் அவரவர் குடும்பம் வந்த நாளில் தொடங்கியது. அந்தச் செட்டியாரின் வயலில் நாற்று நட்டது யார், வெள்ளைக்காரனுக்குக் காட்டுக்குள் வழி காட்டியது யார், இக்காவின் வாப்பாவை முதல்முதலாக ஆற்றைக் கடத்திவிட்டது யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "அது பணியங்கதான்." அதைச் சொல்லும்போது யாருக்கும் தாங்கள் முன்பு சொன்னது தவறு என்று தோன்றவில்லை. நான் நோட்டில் ஒரே வரி எழுதினேன்: ஊர் தொடங்கும்போது இங்கே இருந்தவர்கள், பணியர்கள்.

வெள்ளிக்கிழமை குடியிருப்பின் தலைவர், மூப்பன் என்கிறார்கள், கறுப்பன் என்பவர் என்னோடு நடந்தார். ஐம்பது வயது இருக்கும். குடை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு நனைந்தபடியே முன்னால் போனார். நான் ஜி.பி.எஸ். கைக்கருவியில் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே பின்னால் போனேன். சுள்ளி பொறுக்கும் சரிவு, மூங்கில் வெட்டும் இடம், ஊற்று. கேட்டதற்கெல்லாம் "ஆ" என்றார். சில இடங்களில் நின்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். கையை லேசாக உயர்த்துவார். பிறகு நடப்பார். நானும் பார்ப்பேன். மரங்கள், மூங்கில், புதிதாக வந்த ஒரு தங்கும் விடுதியின் கம்பிவேலி. அது அடுத்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று இப்போது தெரிகிறது. உப்பளத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர்தான் எல்லை. ஒருவர் பாத்திக்கும் இன்னொருவர் பாத்திக்கும் நடுவில் வாய்க்கால் ஓடும். வாய்க்காலைத் தாண்டிக் கால் வைத்தால் சண்டை. அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் புவியியல் அது. பள்ளிக்கூடத்திலும் வரைபடத்தில் ஆறு ஓடினால் அதன்மேல் எல்லைக்கோட்டைப் போடப் பழகியிருந்தேன். சனிக்கிழமை முழுதும் அறையில் உட்கார்ந்து வரைந்தேன். ஆற்றைத் தடித்த நீலத்தில் ஓரமாகப் போட்டேன். அதன்மேல் 'எல்லை' என்று எழுதினேன். அழகாக வந்திருந்தது. காட்டுவதற்குத்தான் யாருமில்லை. கீழே பேக்கரிக்காரரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றவர், ஒரு பன் தந்து காசு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு விடுமுறை. அதனால்தான் அன்றைக்குக் கூட்டம். குடியிருப்பின் நடுவில் தகரக் கொட்டகை. மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வரைபடத்தை மூங்கில் தட்டியில் குத்திவைத்து ஒவ்வொரு இடமாக வாசித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மை டப்பாவைத் திறந்தேன். முப்பத்து நான்கு கைநாட்டுகளும் முடிந்து நான் பேனாவை மூடும்போது ஒரு பெண் மழையில் ஓடிவந்தார். இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், விரல்களில் தேயிலைக் கறை. கொழுந்து அதிகமாக வந்தால் ஞாயிறும் தோட்டத்தில் பறிப்பு உண்டு. அதற்குப் போய்விட்டு வருகிறார். பெயர் கெம்பி.

தட்டியின் முன்னால் நின்று பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் குடியிருப்பு எது, ஊற்று எது என்று விரலாலேயே கண்டுபிடித்தார். விரல் ஆறுவரை வந்தது. நீலக் கோட்டில் நின்றது. அதற்கு அப்பால் வெள்ளைக் காகிதம்.

"மிச்சம் எவிட சாரே?"

"எது மிச்சம்?"

"அக்கரை. அக்கரை காணல்லியே."

"அது உங்க எல்லைக்கு வெளியே இருக்குல்ல? ஆறுதானே எல்லை?"

கெம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாரு ஊருல ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க வேற ஊர்க்காரங்களோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கெம்பி சிரிக்கவில்லை.

"எம் மோளு அக்கரையிலதான் கிடக்கு" என்றார்.

மோள் என்றால் மகள். மூன்று வயதில் காய்ச்சலில் போன குழந்தை. அங்கே புதைத்திருக்கிறார்கள். அது மட்டுமல்ல, குடியிருப்பின் எல்லாச் சாவுகளும் அக்கரையில்தான். கிழங்கு தோண்டுவது அங்கே, நண்டு பிடிப்பது அங்கே. இந்தக் கரை முகடு முதல் அந்தக் கரை முகடு வரை ஒரே ஊர், நடுவில் ஆறு. நாங்கள் தெருவில் நடப்பதுபோல அவர்கள் அதில் போய்வந்திருக்கிறார்கள். விடுதிக்காரர்கள் வேலி போட்ட பிறகு போனால் விரட்டுகிறார்கள். இந்த மனுவை அவர்கள் போட நினைத்ததே அந்த வேலிக்காகத்தான்.

நான் மூப்பனைப் பார்த்தேன். "அண்ணே, நீங்களாவது வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாமே?"

கறுப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாரு கோடு போட்டாச்சு. போட்ட கோட்டை நாங்க எங்க சாரே அழிச்சிருக்கோம்?"

பாலத்துக்கு நடந்தேன். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"கைநாட்டு வாங்கியாச்சில்ல? அப்ப குடுத்துடுங்க தம்பி. புதன்கிழமை விட்டா மனுவே நிக்கும். அக்கரைக்கு அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

"அப்புறம்தான்."

எனக்கு அந்தச் சொல்லோடு நல்ல பழக்கம் உண்டு. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் அப்புறம் வரும் என்று நான் பிறந்த வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போனை வைத்தேன். பாலத்தில் சுற்றிலும் ஏழு பேர் ஏழு வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்தேன். என்னவென்று சொல்வது? வாய்க்காலை எல்லை என்று நினைத்தது தப்பு என்றா? கூப்பிடவில்லை.

திரும்பிப் போய்க் குடியிருப்பில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தவறு என்னுடையது. இந்தத் தாளைக் கொடுத்தால் இக்கரை மட்டும் போகும். புதிதாக வரைய வேண்டுமானால் நாளைக்கு அக்கரையை நடந்து அளக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம், மறுபடி பாதிப் பேருக்கு மேல் வர வேண்டும். செவ்வாய் வேலை நாள். வருகிறவர்களுக்கு அன்றைய கூலி போகும். ஆள் குறைந்தால் கூலியும் போகும், அக்கரையும் போகும்.

அவர்கள் தங்கள் பேச்சில் பேசத் தொடங்கினார்கள். நான் கொட்டகைக்கு வெளியே, தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யாரோ கோபமாகப் பேசினார்கள். யாரோ என்னைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது நியாயமாகத்தான் இருந்திருக்கும். இவ்வளவு பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. வெகு நேரம் கழித்துக் கெம்பி வெளியே வந்தார்.

"நாளைக்குக் காலையில தெப்பம் இறக்கறோம். சாரு வரணும்."

"செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருவாங்க?"

"வர்றவங்க வருவாங்க."

"கூலி போகுமே அக்கா."

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றார். "சாரு கோட்டை மட்டும் ஒழுங்காப் போட்டாப் போதும்."

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. மூங்கில் தெப்பத்தில் கறுப்பன் கழி ஊன்ற, கெம்பியும் நானும் உட்கார்ந்தோம். நான் இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்திருந்ததைப் பார்த்து கறுப்பன் முதல்முறையாகத் தாமாகவே ஒரு கேள்வி கேட்டார்.

"சாருக்குக் கடற்கரை ஊருன்னு சொன்னாங்களே. நீந்தத் தெரியாதோ?"

"உப்பளத்துல முழங்கால் தண்ணிதான் அண்ணே."

"அப்ப இறுக்கிப் பிடிச்சுக்கோ."

அன்றிலிருந்து 'ங்க'வும் இல்லை, சாரும் பாதிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கரையில் வேலிக்கு அடியில் தரை தாழ்ந்திருந்த ஓர் இடத்தில் குனிந்து நுழைந்தோம். கிழங்குக் கொடிகள், நண்டு வளைகள், புதர் மூடிய ஒரு பழைய சுரங்க வாய். ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி வைத்தேன். இந்த முறை கறுப்பன் "ஆ" என்று மட்டும் சொல்லவில்லை. எந்த மாதம் எந்தக் கிழங்கு, எங்கே தண்ணீர் வழுக்கும், எந்தப் பாறையடியில் நண்டு என்று நான் எழுத முடியாத வேகத்தில் சொன்னார். மூங்கில் தோப்புக்குப் பின்னால் சரிவில் சிறு சிறு மேடுகள். சிலவற்றில் ஆற்றுக்கல் வைத்திருந்தது. கெம்பி ஒன்றின் அருகில் குந்தி உட்கார்ந்து மேலே படர்ந்திருந்த செடியைப் பிடுங்கினார். வேலி வந்த பிறகு இப்போதுதான் வருகிறாராம்.

"பாப்பா பேரு என்னக்கா? மேப்புல எழுதட்டுமா?"

"வேண்டாம்" என்றார். "ஒருத்தி பேரு எழுதினா மத்தவங்க எங்க போவாங்க? எங்க ஆளுங்க கிடக்கற இடம்னு எழுது."

எழுதினேன். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு முழுதாகத் தெரிந்தது. எந்த வீட்டில் புகை வருகிறது, யார் துணி உலர்த்துகிறார் என்பதுகூடத் தெரிந்தது. யாரோ கூப்பிட்டார்கள். கெம்பி உட்கார்ந்தபடியே பதில் கொடுத்தார். குரல் தண்ணீர்மேல் போய்ச் சேர்ந்தது, எதிர்வீட்டுக்குப் பேசுவதுபோல.

அன்று மாலையே புதிய தாளில் வரைந்தேன். ஆறு நடுவில். என் படிப்பில் நான் வரைந்த எந்த வரைபடமும் இப்படி இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகையில் பதினொரு பேர். பதினொன்றரைக்குப் பத்தொன்பது. முப்பது பேர் வேண்டும். ராமலிங்கம் அண்ணன் சும்மா இருக்க முடியாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அவரும் ஒரு காலத்தில் அதே மலையில் கொழுந்து பறித்தவர். எந்தச் சரிவில் யார் நிற்பார்கள் என்று தெரியும். முதல் நடையில் ஐந்து பேர் வந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி திட்டியதாகச் சொன்னார்கள். இரண்டாம் நடையில் நான்கு பேர். மூன்றாம் நடையில் ஆட்டோ ஏற்றத்தில் நின்றுவிட்டது. வந்த மூன்று பெண்களும் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கெம்பி அவர்களில் ஒருவர். "படிக்காதவங்க தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகுது தம்பி" என்று ராமலிங்கம் அண்ணன் தூரத்திலிருந்தே கத்தினார்.

முப்பத்தொரு பேர்.

வரைபடத்தைத் தட்டியில் குத்தினேன். இம்முறை நான் வாசிக்கவில்லை. தட்டியின் முன் ஆள் மாற்றி ஆள் வந்து விரல் வைத்து, அவர்கள் பேச்சில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார்கள். ஓர் இடத்தில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, பிறகு தீர்ந்தது. ஒரு மணி நேரம் ஆனது. கைநாட்டு வைக்கும்போது கறுப்பன் கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டுக் காகிதத்தில் வைக்காமல் ஒரு கணம் நிறுத்தினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார்.

புதன்கிழமை கூடலூரில் தாள்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்து, "ஆறு என்னங்க நடுவுல வருது?" என்றார். "ஊரு அப்படிங்க" என்றேன். முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். இனி அது மேலே போக வேண்டும். என்ன முடிவு வரும், எப்போது வரும் என்று தெரியாது. வேலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் அமைப்புக்கான பயண அறிக்கையை நிரப்பினேன். கூட்டச் செலவு என்று ஒரு கட்டம். டீ, பன் வகைக்கு எழுநூற்று இருபது என்று எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் அதோடு முடித்துவிடச் சொல்வார். கீழே இன்னொரு வரி போட்டேன். வரைபடம் தயாரித்தவரின் தவறால் இரண்டாம் முறை கூடிய வகையில், முப்பத்தொரு பேர், ஒரு நாள் கூலி தலைக்கு நானூறு: ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூறு.